வாய் என்ற எழுத்து

ஜப்பானிய மொழியில் ‘வாய்’ என்ற எழுத்து வெறும் சதுரப் பெட்டிதான். அதை மூன்று கோடுகளாக எழுத வேண்டுமாம்; மேல்பக்கமும் வலப்பக்கமும் மடங்கி ஒரே கோடாம். மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி ஒவ்வொரு கோட்டையும் எண்ணி எண்ணித்தான் போடுவாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நம்ம ‘ப’வை ஒரே இழுப்பில் எழுதி, மேலே ஒரு மூடி போட்டுவிடுவேன்.

“என்ன பாப்பா, எண்ணி முடிச்சாச்சா?” என்று அன்று அவளிடம் வகுப்புக்கே கேட்கும்படி கேட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

ஆசிரியை என்னைப் பலகைக்குக் கூப்பிட்டார். “அந்த எழுத்தையே வேகமா பத்து தடவை எழுதுங்க சார்.”

மூன்றாவதிலேயே மூலைகள் மழுங்கின. பத்தாவது, மூடியும் சேர்ந்து உருண்டு முழுப் பூஜ்ஜியமாகிவிட்டது.

“‘ப’ எழுதி மூடி போட்டா இப்படித்தான் ஆகும்” என்றார்.

வகுப்பே சிரித்தது. மனைவி மட்டும் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்குக் கூசியது அதனால்தான்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து எழுதினேன். வாய் தானாக முணுமுணுத்தது: “ஒண்ணு... ரெண்டு...”

உள்ளறையிலிருந்து அவள் குரல் வந்தது.

“மூணு.”