வாசல் வரை நடப்பவன்

காலையில் எழுந்ததும் மேசைக்குக் கீழே கை வைத்துப் பார்ப்பேன். கம்ப்யூட்டர் அடாப்டர் சூடாக இருக்கும். காற்றாடியை அதன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைப்பேன். பிறகு டிவியைப் போடுவேன். திரையில் ஒருவன் நடந்துகொண்டிருப்பான். பார்த்துவிட்டு டிவியை மட்டும் அணைப்பேன். கேஸ் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். பால் இல்லாத கோப்பி ஓ. நேற்று வாங்கிய ரொட்டி. சட்டைக்கு இஸ்திரி போடுவதில்லை. இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் இந்த வீட்டில் பியூஸ் போய்விடும். பியூஸ் போனால் கம்ப்யூட்டர் அணையும். அணைந்தால் ஹில்டா செய்தது போய்விடும். கசங்கிய சட்டையோடு செமோரில் பஸ் ஏறி ஈப்போவுக்கு வேலைக்குப் போவேன்.

ஹில்டா என் மனைவி. டெங்கிக் காய்ச்சலில் இறந்து மூன்று வாரம் ஆகிறது.

ஈப்போவில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து படித்தோம். நான் முடித்துவிட்டு விளம்பரக் கம்பெனிக்குப் போனேன். அவள் அனிமேஷனில் கடைசி ஆண்டு. மற்றவர்கள் தாளில் வரைந்தார்கள். அவள் எங்கள் வீட்டில் டிவியோடு இணைத்திருந்த சின்ன கம்ப்யூட்டரில் கட்டளைகளை நேராகத் தட்டி, கட்டம் கட்டமாகப் படத்தை அசைய வைத்தாள். “கடைக் கணக்குப் போடுற மெஷின்ல எனக்கே படம் காட்டுறியா?” என்று ஆசிரியர் வகுப்பிலேயே கேட்டார். பயிற்சி அவர் கொடுத்ததுதான். தெரிந்த ஒருவரை நடக்கவிட வேண்டும். முகம் கூடாது. நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த கம்ப்யூட்டர் ஓடும்வரைதான் எதையும் ஞாபகம் வைத்திருக்கும். அணைப்பதற்கு முன் டேப் ரெக்கார்டரில் பதிந்துகொள்ள வேண்டும். இருந்த ரெக்கார்டர் அவள் அண்ணன் ஆம்புரோசுடையது. கம்ப்யூட்டரும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான், எங்கள் கல்யாணத்துக்கு முன்பு. அவருக்குச் சுங்கை சிப்புட்டில் லாரித் தொழில். நான் இந்து என்பதால் கல்யாணத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணத்தன்று இந்த வீட்டு வாசல் வரை வந்தார். ரெக்கார்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வராமல் திரும்பிப் போனார். அதன்பின் அவள் கம்ப்யூட்டரை அணைக்காமலேயே இந்தப் படத்தைச் செய்தாள்.

அவள் போன பிறகு வேறொரு ரெக்கார்டரை இரவல் வாங்கிப் பார்த்தேன். அதன் ஒயர் கம்ப்யூட்டரில் சேரவில்லை. அடக்கத்தன்று ஆம்புரோசிடம், “ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வந்தார்.

“வாங்க மச்சான்.”

“யாருக்கு யாரு மச்சான்? ஹில்டா பாராங், சாமான் எல்லாத்தையும் எடுத்து வையி. அம்மா கேக்குது. ஒரு துணி இங்க இருக்கக் கூடாது.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்ன சட்ட இது? அயன் போட்டுக் குடுக்க ஆளில்லன்னு ஊருக்குக் காட்டுறியா?”

சேலைகள், தையல் மெஷின், பைபிள், வர்ணப் பெட்டி. நானே தூக்கிப் போய் லாரியில் வைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கம்ப்யூட்டர் பக்கத்தில் குனிந்திருந்தார்.

“அத மட்டும் விட்டுருங்க. சரியான ஒயர் கெடச்சதும் டேப்புல ஏத்திட்டு நானே கொண்டாந்து தரேன்.”

“நான் வாங்குன சாமானுக்கு நீ தவண சொல்றியா?”

“இப்ப அணைச்சா அவ செஞ்சது போயிரும்.”

“அப்படி என்னா லா செஞ்சா? காட்டு.”

டிவியைப் போட்டேன்.

கட்டங்களால் ஆன ஓர் ஆள். முகம் கிடையாது. வலது தோள் முன்னால் வருகிறது. இடது பாதம் வெளிப்பக்கம் விலகி விழுகிறது. நடக்க நடக்க இடது கையால் கைலியைத் தூக்கி இறுக்கிக்கொள்கிறான். திரையின் ஓரத்தில் ஒரு கதவு, திறந்தபடி. அங்கே வந்து நிற்கிறான். திரும்பிப் போகிறான். மறுபடி வருகிறான்.

ஆம்புரோசின் இடது கை கைலி முடிச்சில் இருந்தது. அதைச் சட்டென்று எடுத்தார்.

“நானா இது?”

“ஆமா.”

“காலேஜுல போட்டுக் காட்டிச் சிரிச்சீங்களா, ரெண்டு பேரும்?”

“யாருக்கும் காட்டல.”

“நாய் மாதிரி என்னய வாசல்லயே சுத்த விட்டுருக்கா. நீதான சொல்லிக் குடுத்த?”

“உள்ள வர்றத இன்னும் செய்யல மச்சான். அதுக்குள்ள காய்ச்சல்...”

“மச்சான்னு கூப்புடாதன்னு சொன்னேன்ல!”

கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினார்.

திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். இரைச்சல். அவர் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். டிவியை அணைத்தேன்.

கம்ப்யூட்டரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கதவு வரை போனவர் நின்றார்.

“இந்த மெஷின கட்டிக்கிட்டு இரு ஜெயபாலா. என் தங்கச்சி மாதாவக் கூப்புட்டு ஜெபம் சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா. அம்மா சொல்லுச்சு. எனக்கு அது போதும்.”

“அத்த அப்ப ஆஸ்பத்திரி கேண்டீன்ல இருந்தாங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன்.”

“ஜெபம் சொல்லலியா?”

“இல்ல.”

“பின்ன என்னா சொன்னா?”

ஜெபம்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒயரின் முனை அவர் கையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அண்ணே வந்து பாக்கட்டும், பாலா. அதுவரைக்கும் சுவிட்ச அடைச்சிராத.”