ஸ்பெயின் சுந்தரிக்குச் சுடுதண்ணீர்

ஆதிகேசவன் தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், மனைவி கோபித்துக்கொண்டு போன பிறகு அவளைப் பற்றி ஒரு நாடகம் எழுதியதுதான். போவதற்கு முன்பே அவளைக் கவனித்திருந்தால் நாடகத்துக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் எழுதுகிறவர்களிடம் இந்த மாதிரி நியாயமெல்லாம் எதிர்பார்க்கக்கூடாது.

திருத்தணியில் அவன் பெயருக்குத்தான் நெசவாளி. தறியில் பெரும்பாலும் உட்கார்ந்தது மனைவி அம்சா. மாசி மாதம் அவளுக்கு மூன்று நாள் கடும் ஜுரம். அந்த மூன்று நாளும் இவன் அரக்கோணத்தில் யாரோ எழுதிய நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் கிடந்தவள், எழுந்து நடக்க முடிந்த அன்றே அம்மையார்குப்பத்தில் இருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் ஐயாவுக்குப் புத்தி வந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினான். மூன்றாம் காட்சியில் ஒரு நெசவுக்காரி ஜுரத்தில் கிடந்து ஒரு வாய் சுடுதண்ணீர் கேட்கிறாள், கொடுக்க ஒருவருமில்லை. நாடகத்துக்கு 'அம்மையார்குப்பத்து அம்சா' என்று பெயர் வைத்தான். நூல் வாங்க வந்த மைத்துனனிடம் சொல்லியனுப்பினான்.

"ஆடிக் கிருத்திகைக்கு உங்கக்காவ வரச் சொல்லு. ஊரறிய அவ பேரச் சொல்லி என் தப்ப ஒத்துக்கறேன்."

வந்து பார்த்தால் மனம் இளகும், இளகினால் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்று நம்பினான். நாடகக் கம்பெனி முதலாளி முக்தார் அகமது என்று ஒருவர் இருப்பதை மறந்துவிட்டான்.

"கதை நல்லாகீது வாத்யாரே. பேருதான் ஒதவாது," என்றார் அவர்.

"ஏன் பாய்?"

"அம்மையார்குப்பத்துக்காரிய நம்ம ஜனம் சந்தையில தெனம் பாக்குது. அவளப் பாக்க டிக்கெட் எடுப்பாங்களா? அத்தோட, எங்க ஊரு பொம்பளையப் பத்தி இன்னாடா எழுதிகிறன்னு அந்த ஊரு ஆளுங்க தடியெடுத்துகினு வருவாங்க. வேற தேசத்துப் பேரா வையி. பாக்கறவனுக்கும் கூச்சம் இல்ல, அங்கேர்ந்து ஒதைக்கவும் எவனும் வரமாட்டான்."

எந்தத் தேசம் என்பதில் அவர் காட்டிய கவனத்தைப் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடக் காட்டியிருக்க மாட்டார்கள். அது நாற்பத்துமூன்றாம் வருஷம். உலகமே சண்டையில் கிடந்தது. ஜப்பான், ஜெர்மனி என்று போட்டால் போலீஸ் வரும். சீனாவும் ருஷ்யாவும் நம் பக்கம்தான். நாளைக்கே கட்சி மாறிவிட்டால் அச்சடித்த நோட்டீஸ் வீண். ஸ்பெயின் ஒன்றுதான் எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியாது. அது இன்னும் வசதியாகப் போயிற்று.

"உள்ள ஒரு எழுத்தும் மாத்தாத. மொத சீன்ல மட்டும் ஒரு கவுன்," என்றார் முக்தார்.

மேடையேறினால் போதும் என்று ஆதிகேசவன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மாட்டுவண்டியில் மேளம் கொட்டி ஊர் ஊராக நோட்டீஸ் வீசினார்கள்: 'ஸ்பெயின் சுந்தரி'. அம்மையார்குப்பத்திலும் வீசினார்கள்.

ஆடிக் கிருத்திகையன்று, மண்ணெண்ணெய் கிடைக்காததால் கொட்டகையில் பகல் ஆட்டம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய காவடிக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பெண் வேஷம் கட்டும் ராஜமாணிக்கம், அரக்கோணத்து ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் வீட்டுப் பழைய கவுனை மாட்டிக்கொண்டு தறிக்குழியில் இறங்கினான். ஸ்பெயினில் இப்படித்தான் நெய்வார்கள் போலிருக்கிறது என்று சனம் ஒப்புக்கொண்டது. மூன்றாம் காட்சியில் அவன் சேலை கட்டிப் பாயில் படுத்துச் சுடுதண்ணீர் கேட்டபோது கொட்டகை முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம்.

"அவ்ளோ பெரிய தேசத்துல ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளு இல்ல பாரேன்," என்று துண்டால் கண்ணைத் துடைத்தார் ஒருவர். பெண்சாதியை வெயிலில் மூட்டைக்குக் காவல் வைத்துவிட்டு வந்தவர் அவர்.

ஆட்டம் முடிந்ததும், அம்சா ஊருக்குக் கிளம்புவதற்குள் பிடித்துவிட ஆதிகேசவன் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினான். கரியில் ஓடும் பஸ்; அடுப்பு பற்றிக்கொள்ள அரைமணி ஆகும். அம்சா மரத்தடியில் நின்றிருந்தாள்.

"நல்லா எழுதிகிற பாவா," என்றாள். "நான் பேசனதுல ஒண்ணுகூட வுடல."

"உனக்காவதான் எழுதினேன் அம்சா."

"எனக்குன்னா என் பேரு எங்க? எவளோ ஒருத்திக்கு ஊரே அழுவுது. என் பேரப் போட்டிருந்தா அழுவாங்களா?"

"வந்தே இருக்கமாட்டாங்க."

"ஆங். நீயும் அப்பிடித்தான? நான் கெடந்தப்ப நீ வரல. ராஜமாணிக்கம் படுத்தப்ப ஓரமா நின்னு அழுதுகினு இருந்த. நான் பாத்தேன்."

அவனுக்கு அவமானத்தில் காது சுட்டது.

"நாளைக்கு அரக்கோணத்துல ஆட்டம் இல்ல? என் பேரப் போட்டு ஆடச் சொல்லு. நான் வூட்டுக்கு வந்துடறேன். பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள கேட்டுகினு வா."

அவன் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். முக்தார் பொறுமையாகக் கேட்டார்.

"நோட்டீஸ் போயிடிச்சே வாத்யாரே. அடுத்த நாடகத்துல பாத்துக்கலாம். ஒண்ணு செய்யறேன். அரக்கோணத்துல வாசல் போர்டுல உன் பேர இந்தக் கை அகலத்துக்கு எழுதச் சொல்றேன்."

பெயரைப் போடாவிட்டால் என் நாடகத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கத்தான் வந்திருந்தான். அவர் விரித்துக் காட்டிய கை அகலத்தைப் பார்த்தான். வழக்கம்போலத் தலையாட்டினான்.

திரும்பி வந்தபோது பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"அடுத்த நாடகத்துல கண்டிப்பா உன் பேருதான்," என்றான்.

"இதுல?"

"இதுல... என் பேரப் பெருசாப் போடறாராம்."

சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்துவிட்டது. அவனால் அடக்க முடியவில்லை. அம்சா அதைப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறி, மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

பஸ் புகை கக்கிக்கொண்டு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மூட்டையும் பெண்சாதியுமாக வந்துகொண்டிருந்த அந்தத் துண்டுக்காரர், அவன் தோளை ஆதரவாகத் தட்டினார்.

"வுடு வாத்யாரே. எழுதன உனக்கே தாங்கல, எங்களுக்கு எப்பிடி இருக்கும்? பாவம், அந்த ஸ்பெயின்காரி."