தப்பு அக்கா

குழந்தைகள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன என்று ஆராயும் இடம் அது. அங்கே அவளுக்குத் தரப்பட்ட வேலை, தப்பாகப் பேசுவது. நடித்துக்கொண்டிருந்த நாடகக் குழு கலைந்து, கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் கிடைத்த வேலை.

பந்தைக் காட்டிச் "செருப்பு" என்பாள். டம்ளரைக் காட்டி "நாய்" என்பாள். பக்கத்து நாற்காலிக்காரி எல்லாவற்றையும் சரியாகச் சொல்வாள். பிறகு, பெயர் தெரியாத புதுப் பொருள் ஒன்றை நடுவில் வைப்பார்கள். அம்மா மடியில் உட்கார்ந்திருக்கும் வாண்டு, பெயரைத் தெரிந்துகொள்ள அந்தப் பக்கத்து நாற்காலிக்காரியின் வாயைத்தான் பார்க்கும்.

"பிரமாதமா பண்றீங்க. ஒரு குழந்தைகூட உங்கள நம்பல" என்று மெச்சினார் ஆராய்ச்சிக்காரர். 'தப்பு அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

பேச ஆளில்லாத வீட்டின் பூட்டைத் திறக்கும்போது அந்தச் சிரிப்பு வராது. பேருந்தில் எந்தக் குழந்தையாவது அவளைப் பார்த்துச் சிரித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தம்பி வீட்டிலும் அப்படித்தான். தம்பி மகள் கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து காட்டினாள். அத்தை வாயே திறக்கவில்லை. குழந்தை சலித்துப்போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது.

"என்ன அண்ணி, அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்க?" என்றாள் தம்பி மனைவி.

"பழக்கதோஷத்துல தப்பா சொல்லிக் குடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு."

"அவ மட்டும் என்ன, என்னையே மாமான்னுதான் கூப்பிடறா. தப்பா சொன்னா திருத்திக்கலாம். பேசாமயே இருந்தா எப்படி ஒட்டுவா?"

மறுநாள் ஆராய்ச்சிக்காரரிடம், சரியாகச் சொல்பவளின் நாற்காலிக்குத் தன்னை மாற்றச் சொல்லிக் கேட்டாள். நடுவில் மாற்றினால் செய்ததெல்லாம் வீணாகிவிடும் என்றார் அவர். ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு அத்தோடு நின்றுகொண்டாள்.

அடுத்த முறை தம்பி வீட்டில் குழந்தை ஒரு சீப்பை நீட்டியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சீப்பு" என்றாள்.

குழந்தை அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தது.

"ஆமா, அத்தை சொன்னது சரிதான். சீப்பு" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் குழந்தை ஒரு மூடியை எடுத்து வந்தது. அதற்கும் அம்மா தலையாட்ட வேண்டியிருந்தது. அத்தை தரையில் சம்மணம் போட்டு, அடுத்தது வரட்டும் என்று உட்கார்ந்துகொண்டாள்.