சொட்டு நின்ற குழாய்

மழை பொய்த்த மூன்றாம் ஆண்டு. வாரிங்கா ஊரின் தண்ணீர்க் குழுவுக்குப் பள்ளி ஆசிரியரான நான் செயலாளர். நீரை வீணாக்குவோரைக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கண்டிப்பது எங்கள் வழக்கம். அதைச் சற்றும் தயவின்றிச் செய்தேன்.

அடுத்த வீட்டு மெர்வின் பாஸ்கோவின் மின்சார வெந்நீர்த் தொட்டி, வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்த சுவரோரம் நின்றது. அதன் வால்விலிருந்து இறங்கிய செம்புக் குழாய் காலைதோறும் சொட்டியது. கூட்டத்தில் அவர் பெயரைச் சொன்னேன்.

“தண்ணி சூடானா கொஞ்சம் சொட்டும், வாத்தியாரே. அது அப்படித்தான்.”

“ஊரே மூணு நிமிஷத்துல குளிச்சு முடிக்குது. உங்க சுவரு மட்டும் நாள் பூரா குளிக்குதாக்கும்?”

கூடம் சிரித்தது. மெர்வின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். மறுநாளே சொட்டு நின்றது. வென்றுவிட்டதாக எண்ணினேன்.

பத்து நாள் கழித்து என் வீட்டு வெந்நீர்த் தொட்டியின் அடிப்பாகம் கசிந்தது. குழாய் வேலை செய்யும் காலீன் டிரெஸைஸ் வந்து பார்த்தார்.

“உள்ள துரு தின்னுடுச்சு. ஒட்டுப்போட்டா நிக்காது, புதுசுதான். தொட்டிக்குப் பதிலா துருவைத் தான் வாங்கிக்கிற கம்பி ஒண்ணு உள்ள இருக்கு. அதை அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தியிருந்தா இன்னும் தாங்கியிருக்கும்.”

பேசிக்கொண்டே வேலிக்கு அப்பால் பார்த்தவர் அப்படியே நின்றார். மெர்வினின் தொட்டி முனகியது. அதன் தகடு உப்பியிருந்தது. முன்பு சொட்டிய செம்புக் குழாயின் வாயில் மரக்கட்டை அடிக்கப்பட்டிருந்தது.

“யாரு இதை அடைச்சது? உள்ள போய் மெயின் சுவிட்ச்சை அணைங்க! கட்டையத் தொடாதீங்க, ஆறட்டும். எல்லாரும் வெளிய வாங்க!”

மெர்வின் சுவிட்ச்சை அணைத்துவிட்டு வெளியே வந்தார். தொட்டி நின்ற சுவரின் மறுபுறம் அவர்கள் குளியலறை. மெர்வினின் மனைவி டோரீன் ஈரத்தலையுடன், துண்டைப் பற்றியபடி ஓடிவந்தார். எதிர்ப்புறச் சாலையில் நெடுநேரம் காத்துநின்றோம்.

“சூடானா தண்ணி பெருகும்,” என்றார் காலீன். “பெருகினது வெளிய போக அந்த வால்வுதான் வழி. அடைச்சா தொட்டியே வெடிச்சிரும். சூடாகும்போது சொட்டினா பயமில்ல. நிக்காம ஓடினாத்தான் ஆளக் கூப்பிடணும்.”

அறியாததைப் பற்றி அவ்வளவு உரக்கப் பேசிய ஒரு மாணவனை நான் மன்னித்திருக்க மாட்டேன். மெர்வினிடம் சென்றேன்.

“என்னாலதான் மெர்வின்...”

“நீங்க சிரிக்க வெச்சீங்க. கட்டைய அடிச்ச கை என்னுது.”

அவர் டோரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில், அவரைப் பழித்த அதே இடத்தில் நின்று, காலீன் சொன்னதைச் சொல் மாறாமல் படித்தேன்; தவறு என்னுடையது என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மெர்வின் வரவில்லை.