எண்ணூறு மில்லி

ஒன்பது மணிக் காப்பியைக் கண்ணாடி ஜாடியில் நூறு மில்லிக் கோடு வரை அளந்து, டம்ளரில் ஊற்றி, கூடம் வரை எடுத்து வந்த பிறகுதான் குடிக்க ஆள் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அப்பா கூடத்தின் நடுவில் படுத்திருந்தார். விடிகாலையில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சற்று நேரத்திலேயே அடங்கிப்போனவர். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள். அவள் திரும்பிச் சமையலறைக்குப் போய், அதை மேடையில் வைத்து ஒரு தட்டால் மூடினாள்.

முப்பத்தோரு வருஷம் அவர் கலர் சோடா கம்பெனி வண்டி ஓட்டினார். கடை கடையாகக் கலர் பாட்டில் இறக்கும் வேலை. டிரைவருக்கு நாளுக்கு இரண்டு பாட்டில் இலவசம். "தண்ணி ரேடியேட்டருக்கு, கலர் டிரைவருக்கு" என்று சொல்லித் தானே சிரிப்பார். முதலில் சர்க்கரை வந்தது, பிறகு பிரஷர், கடைசியில் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. "கலர் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அது உங்களுக்கு நல்லது பண்ணலை" என்றார் டாக்டர். வாரம் மூன்று டயாலிசிஸ். தண்ணீர், காப்பி, மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லிக்கு மேல் கூடாது.

அவள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். அளப்பது கைவந்த வேலை. அங்கே விளிம்பு உடைந்ததால் ஒதுக்கிய ஜாடியைக் கேட்டு வாங்கி வந்தாள். எட்டு மாதமாக ஒவ்வொரு மடக்கையும் நோட்டில் எழுதினாள். அப்பா அவளை இன்ஸ்பெக்டர் என்றார். தாகம் தாங்காத நேரத்துக்குச் சின்னச் சின்னதாக ஐஸ் கட்டி உறைய வைப்பாள். "கடிக்காதீங்கப்பா, கரைய விடுங்க. ரொம்ப நேரம் வரும்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் 'கடக்'கென்று சத்தம் கேட்கும். அவளைச் சீண்டுவதற்காகவே கடிப்பார்.

"நுரையீரல்ல தண்ணி சேர்ந்துடுச்சு. அளவு மீறாம பார்த்துக்கிட்டீங்களா?" என்று காலையில் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். கேட்டவர் வழக்கமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார். அவளால் அதை விட முடியவில்லை. சமையலறையில் நின்றபடியே நோட்டைப் புரட்டினாள். எங்கே தவறவிட்டோம்? ஒவ்வொரு டயாலிசிஸுக்கு முன்னாலும், அளவுக்கு மேல் நீர் சேர்ந்ததுபோல் எடை கூடிக்கொண்டேதான் இருந்தது. எடை பார்க்கும் மெஷின் பொய் சொல்கிறது என்று புது மெஷின் வாங்கினாள். அதுவும் அதையே சொன்னது. நேற்றைய பக்கத்தில் எழுநூற்று எண்பது. நான்காவது தடவை கூட்டிப் பார்த்தாள். எழுநூற்று எண்பதுதான்.

அப்பாவோடு வண்டியில் போன லோடுமேன் தோளில் ஒரு பெட்டி கலரோடு பின்வாசல் வழியாக வந்தார்.

"வந்தவங்களுக்குக் குடுக்கலாம்னு டிப்போவுல குடுத்து விட்டாங்க, பாப்பா."

இறக்கி வைத்தவர் நிமிரவில்லை. பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றப்பல்லாம் சட்டைக்குள்ள ஒரு சின்ன பாட்டில் கொண்டாருவேன். நீ மொட்டைமாடியில துணி காயப்போடுற நேரம் பார்த்துக் குடுப்பேன். ஒண்ணே ஒண்ணுதானே, நான் ஒருத்தன்தானேன்னு... நேத்தும் குடுத்தேன்."

செம்பு எடுக்க வந்த தம்பி அப்படியே நின்றுவிட்டான்.

"நீங்களுமா?" என்றான். பிறகு அவளைப் பார்க்காமல், "சாயங்காலம் நடக்கக் கூட்டிட்டுப் போவேன்லக்கா. ஜூஸ் கடைகிட்ட வந்ததும் காலு நின்னுடும் அவருக்கு. நான் மட்டும்தான்னு நெனச்சேன்."

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"நீ வேலைக்குப் போனதும் மத்தியானம் அரை டம்ளர் காப்பி" என்றாள். "நேத்து நீ குளிக்கப் போனப்ப."

அவள் கூட்டினாள். கூட்டாமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. கலர் இருநூறு, ஜூஸ் இருநூறு, காப்பி நூறு.

"எட்டு மாசமா நான் எழுதினதெல்லாம் என்ன? நான் மெஷினை மாத்தினேன்! எல்லாரும் பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?" குரல் கூடத்துக்குக் கேட்கும் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. பிறகு தானாகவே இறங்கியது. "என்கிட்ட மட்டும் ஒரு தடவைகூடக் கேக்கலையே, அம்மா. நான் என்ன அவ்வளவு கல்நெஞ்சுக்காரியா?"

"அது இல்லடி. உங்க இன்ஸ்பெக்டர்கிட்ட கேளுங்களேன்னு நானே சொன்னேன். 'கேட்டா குடுத்துடுவா. அப்புறம் ராத்திரி முழுக்கத் தூங்காம என் மூச்சையே எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பா. அவகிட்ட கேக்கக் கூடாது'ன்னுட்டாரு."

லோடுமேன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"நாங்கதான் அவரைக் கொன்னுட்டோமா?" என்றாள் அம்மா.

அவள் மேடையில் இருந்த டம்ளரின் தட்டை எடுத்தாள். காப்பி ஆடை கட்டியிருந்தது. பாத்திரத்தில் ஊற்றிச் சூடாக்கி, இன்னும் கொஞ்சம் பாலும் சேர்த்து, அளக்காமல் டம்ளர் நிறைய ஊற்றி அம்மாவின் கையில் வைத்தாள்.

"குடிம்மா. காலையிலேருந்து நீ பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை."

அம்மா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

பால் பாக்கெட்டைத் திரும்ப வைக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, மேலே ஃப்ரீசரில் ஐஸ் டிரே இருந்தது. இன்றைக்காக நேற்று இரவு அவள் வைத்தது. பன்னிரண்டு கட்டி. அதை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போய், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்றைப் பெயர்த்து வாயில் போட்டாள். பல் கூசியது. கொஞ்ச நேரம் கரைய விட்டாள்.

பிறகு கடித்தாள். 'கடக்'கென்ற சத்தத்தில், கூடத்தில் அப்பாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்திருந்த தம்பி சட்டென்று தலை நிமிர்த்தி, அறைக்குள் இருந்த நாற்காலியின் பக்கம் திரும்பினான்.