கையெழுத்து வாங்காத பதிவு

வெளியாட்களின் பேச்சைப் பதிவு செய்தால், கருவியை அணைத்த கையோடு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவாள் குருவி. பதினோரு பேரிடம் அப்படித்தான் வாங்கினாள். பன்னிரண்டாவது ஆள் சொந்த அப்பா. அப்பாதானே, எங்கே போய்விடப் போகிறார் என்று விட்டுவிட்டாள். அவரும் படிவத்தை அலமாரி மேல் வைத்து, "படிச்சுப் பாத்துப் போடறேன்" என்று நாற்பது நாள் இழுத்தடித்தார். நாற்பத்தோராம் நாள் காலை குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

குருவி என்பது வீட்டுப் பெயர். ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்று அவர்தான் வைத்தார். பல்கலைக்கழகத்தில் பொது வரலாறு படிக்கிறவர்கள் கடைசிப் பருவத்தில் எங்காவது பயிற்சியாளராக வேலை பார்க்க வேண்டும். அவளுக்கு வாய்த்தது நகர ஆவணக் காப்பகம். நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்வது அவள் பொறுப்பு. கையெழுத்தில்லாத பதிவை அறுபதாம் நாள் அழித்துவிட வேண்டும், பிரதி எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி.

"வாரிசு போடலாம். உங்க அம்மா போட்டாப் போதும்," என்றார் மேற்பார்வையாளர். கெடுபிடியான பெண்மணி, ஆனால் துக்கத்துக்கு வந்த அன்று யாரும் கேட்காமலே பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போனவர். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான்மா."

அன்று திங்கள்.

"காதால கேக்காம எதுலயும் கையெழுத்து வைக்க மாட்டேன்," என்றாள் அம்மா.

"அப்பா பேசினதுதானேம்மா."

"அதனாலதான் சொல்றேன். அந்த மனுஷன் அளக்க ஆரம்பிச்சா ஊர் தாங்காது. கேட்டுட்டுப் போடறேன்."

பதிவின் இரண்டாம் மணி நேரத்தில் பதினெட்டாவது நிமிடம் என்ன வருகிறது என்று குருவிக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு நீரேற்று நிலையத்தில் நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. முன்வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அம்மா தினமும் சாப்பாடு கொண்டுபோனாள். பத்தாம் நாள், அப்பாவோடு அங்கே வேலை பார்த்த சித்தப்பா, அம்மாவின் தங்கை கணவர், வேலைக்குத் திரும்பினார். அம்மா நேராகத் தங்கை வீட்டுக்குப் போய், "இனி உனக்கு அக்கா கிடையாது" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தாள். சித்தி வீடு நான்கே நிறுத்தம் தள்ளி. இருபத்திரண்டு வருடமாக இரு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அப்பா இறந்த அன்று தெருமுனையில் ஒருத்தி நின்று அழுதுவிட்டுப் போனாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இரண்டு நாளும் குருவிக்குச் சோறு இறங்கவில்லை. பேருந்தில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். மேசையில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. சொல்லிவிடலாமா, சொல்லாமல் அழியவிட்டுவிடலாமா என்று மாற்றி மாற்றி யோசித்ததில், இரண்டு படிவங்களில் தேதியைத் தப்பாக எழுதினாள்.

புதன்கிழமை அம்மா வந்தாள். சின்ன அறை, ஒரு கணினி, ஒரே ஒரு காதுக்கருவி. முதல் மணி நேரம் அம்மா சிரித்தாள், "பொய், பொய்" என்றாள், ஒருமுறை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குருவி நிறுத்தினாள்.

"அவ்வளவுதாம்மா."

"கீழ ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கே. எனக்குக் கண்ணு தெரியும்டி."

வேறு வழியில்லை. குருவி திரையில் நிமிட எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் கேட்காவிட்டாலும் அப்பாவின் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு மனப்பாடம்.

'சகலை முன்வாசல் வழியாப் போனான், எல்லாரும் பாத்தாங்க. நான் பின்வாசல் வழியாப் போனேன். ஆறு நாள். மோட்டார் சூடாகுது, ஆஸ்பத்திரிக்குத் தண்ணி போகாதுன்னு ஆள் அனுப்பினாங்க. அது நிஜம்தான். வேலை போயிடுமோன்னு பயமும் இருந்துச்சு. வீட்ல சொல்லிடலாம்னு வந்தா, இவ தங்கச்சியோட உறவை முறிச்சுட்டு வந்து நிக்கறா. அப்புறம் எந்த வாயால சொல்றது?'

அம்மா காதுக்கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

"என் குடை எங்க?"

படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை, இத்தனை நாள் யாரையும் தொடவிடாமல் ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைகளை இழுத்து வாளியில் போட்டு அடித்துத் துவைத்தாள். வியாழக்கிழமை அவற்றைத் தேய்த்து மடித்து அடுக்கினாள். படிவத்தைப் பற்றிக் கேட்கக் குருவிக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒருமுறை வாசல் வரை போய்ப் பார்த்தாள். நான்கு மணிக்குள் இன்னும் ஐந்து முறை. "உக்காரும்மா, தரை தேஞ்சிடும்," என்றார் மேற்பார்வையாளர். நாலரைக்கு அவர் அழிக்க வேண்டியவற்றின் பட்டியலைத் திறந்து வைத்தார். குருவி குடிநீர்க் குழாயடியில் போய் நின்று, குடிக்காமலே திரும்பினாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அம்மா வந்தாள். படிவத்தை நீட்டினாள். கையெழுத்து இருந்தது, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டது. பின்னால், படியேறாமல் இன்னொரு பெண்மணி நின்றிருந்தாள். அம்மாவின் அதே நெற்றி.

"இப்ப இதை யார் வேணும்னாலும் கேக்கலாமா?" என்றாள் அம்மா.

"கேக்கலாம். சீட்டு எழுதிக் குடுக்கணும்."

"அப்ப அவகிட்ட சீட்டைக் குடு."

சித்தி உள்ளே வந்தாள். "எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு உங்க அம்மாகிட்ட கேளு. வாசல்ல வந்து நின்னு, 'கிளம்பு'ன்னாங்க. இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேத்து ஒரே வார்த்தை."

"பதிவைக் கேட்டா அவளுக்கே தெரியும்னு சொல்லு," என்றாள் அம்மா.

மேற்பார்வையாளர் படிவத்தில் முத்திரை குத்தினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டு பெண்களையும் பார்த்தார். "சாவி என்கிட்டதான் இருக்கு. நீங்க மெதுவாக் கேளுங்க."

சித்தி சீட்டை நிரப்பிக்கொண்டே வந்தவள் கடைசிக் கட்டத்தில் நின்றாள். "கேட்கும் காரணம்னு இருக்கே, இதுல என்ன எழுதறது?"

குருவி அம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா சொன்னான்னு எழுதச் சொல்லு."

சித்தியின் பேனா கொஞ்ச நேரம் காகிதத்தில் இறங்கவில்லை. குருவி பதினெட்டாவது நிமிடத்துக்குச் சற்று முன்னால் பதிவைக் கொண்டுபோய் நிறுத்தி, காதுக்கருவியைத் துடைத்து வைத்தாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.