பின்கதவை உடைத்தவர்கள்

துறைமுகத்துக்குப் பெரிய கிரேன்கள் வந்த வருடம் இரும்புக்கு வேலை போனது. மூட்டை தூக்கியே தோள் காய்த்துப்போனவன் என்பதால் அவனுக்கு 'இரும்பு' என்று பட்டப்பெயர். அதன்பிறகு வீட்டில் அடுப்பெரிந்தது அவன் மனைவியும் தங்கை சிட்டுவும் கொண்டுவந்த சம்பளத்தில்தான். வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் தொழிற்சாலையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின்.

"நாடு வேகமா முன்னேறுதாம்" என்றான் இரும்பு, ரேடியோவைக் கேட்டுவிட்டு.

"நம்ம தெருவுக்கு வழி தெரியாம எங்கயோ சுத்திக்கிட்டு இருக்கு போல" என்றாள் சிட்டு.

ஒரு காலையில், மெஷின் மேலேயே மயங்கிச் சரிந்த பெண்ணை சூபர்வைசர் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி அறைந்தான். அவள் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் வெள்ளைத் துணியில் விழ, அதற்கும் சேர்த்து இன்னொரு அறை. சிட்டுதான் முதலில் மெஷினை நிறுத்தினாள். தளம் முழுக்கச் சத்தம் அடங்கியது. பெண்கள் சூபர்வைசரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மேனேஜர் துறைமுகத்தில் வேலையிழந்து நின்ற ஆண்களிடம் ஆள் அனுப்பினார். கப்பல் காத்திருக்கிறது, பெண்களை வெளியேற்றினால் நிரந்தர வேலை என்றார்கள். இரும்பும் போனான். நம்ம வீட்டுப் பெண்கள் ரெண்டு பேரையும் நாமே பத்திரமாகக் கூட்டிவந்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

பின்கதவு உடைந்ததும் கத்தரிக்கோலும் நூற்கண்டும் பறந்து வந்தன. முன்னால் போனவனுக்குப் புருவம் கிழிந்தது. அதற்குமேல் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆண்கள் கொண்டுவந்த கம்பிகள் பெண்களின் முதுகிலும் முட்டியிலும் இறங்கின. மூக்கில் ரத்தம் காயாத அந்தப் பெண்ணை இருவர் மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள். அவள் எழவே இல்லை.

இரும்பின் முதுகில் யாரோ பாய்ந்து காதைக் கடித்தார்கள். உதறிவிட்டுத் திரும்பிய வேகத்தில் கம்பியை வீசினான். தாடை உடையும் சத்தம் கேட்ட பிறகுதான் முகம் தெரிந்தது. சிட்டு.

"பாவி! உன் கூடப் பிறந்தவடா!"

கத்திக்கொண்டே வந்த மனைவி கையில் சூடான இஸ்திரிப்பெட்டி இருந்தது. அதை அவன் கம்பி பிடித்த கையில் வைத்து அழுத்தினாள். சதை பொசுங்கியது. கம்பி விழுந்தது. அவன் அலறியபடி தங்கைமேல் கவிழ்ந்துகொண்டான். கூட வந்தவர்கள் அடித்த அடியெல்லாம் அவன் முதுகில் விழுந்தது.

படியில் விழுந்த பெண் இறந்த செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. சட்டை வாங்கும் கம்பெனிகள் பதறின. சம்பளம் உயர்ந்தது, சூபர்வைசர் வேறு ஊருக்குப் போனான். சில வருடங்களில் தைக்கும் வேலை வேறொரு ஏழை நாட்டுக்கு நகர, இங்கே டிவிக்கும் போனுக்கும் பாகங்கள் செய்தார்கள். தெருவுக்குத் தார் வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. இரும்பின் மகள் இன்ஜினியரிங் முடித்தாள். சிட்டு சொந்தமாக ஃபிளாட் வாங்கினாள். கோணிப்போன தாடை மட்டும் நேராகவில்லை. அத்தனை வருடமும் அண்ணனோடு அவள் பேசவுமில்லை.

புது வீட்டுக்கு அவள் அழைக்காமலேயே அவன் வந்து வாசலில் நின்றான்.

"அன்னிக்கு எனக்கு ஒரு வேலை இருந்திருந்தா, நான் வந்திருக்கவே மாட்டேம்மா."

"தெரியும்ணே" என்றாள் சிட்டு. சொற்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுதான் வந்தன. "தெரிஞ்சதால வலிக்காம போயிடுச்சா?"

அவன் தலை கவிழ்ந்து அழுதான். அவள் கதவிலிருந்து விலகி, அவன் உள்ளே வர வழிவிட்டாள்.